அட்சதை தின்ற எஞ்சின்

என் அண்ணா ஒரு கதை சொல்வான். யார் கல்யாணமானாலும் சரி, இலையில் பாயசம் விழுந்ததும் ஆரம்பித்துவிடுவான். "எங்காத்துல ஒரு எஞ்சின் இருந்தது, கேட்டேளா. சரஸ்வதி பூஜையில அட்சதையைத் தின்னுட்டு, ஜீரணமாகாம செத்துப் போச்சு." பந்தி முழுக்கச் சிரிக்கும். பரிமாறுகிறவர்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். நான் அதே பந்தியில் நாலு இலை தள்ளி உட்கார்ந்திருப்பேன். இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வரவில்லை.

அது பொய்க் கதை. எஞ்சின் எதனால் செத்தது, யார் கையால் செத்தது என்று எனக்குத் தெரியும். அவனிடமும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பகுதி மட்டும் அவனுக்கு மறந்துவிடுகிறது. அதனால் நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் எனக்குப் பத்தொன்பது வயது. ப்ரீ டிகிரி முடித்து, பிசிக்ஸில் நல்ல மார்க் வாங்கி, கல்பாத்தியில் எங்கள் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால் விடிகாலை ஐந்து மணியிலிருந்து சும்மா. தண்ணீர் இறைப்பது, அரைப்பது, துவைப்பது எல்லாம் முடிந்து உட்கார்ந்தால் யாராவது வந்து, "பொண் சும்மாத்தானே இருக்கா?" என்று அம்மாவிடம் கேட்பார்கள்.

அந்த வருஷம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் ஓடு ஒழுகியது. ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைக்க மச்சில் ஏறினேன். அங்கே ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள், பழைய பேப்பரில் சுற்றியபடி அந்த எஞ்சின் கிடந்தது. உள்ளங்கையில் அடங்குகிற மாடல் விமான எஞ்சின். கூடவே மரத்தில் செய்த ஒரு ப்ரொபெல்லர்.

அண்ணா திருவனந்தபுரத்தில் காலேஜ் படித்தபோது என்.சி.சி.யின் விமானப் பிரிவில் இருந்தான். அங்கே கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்தான். விமானம் செய்யப்போகிறேன், கோட்டை மைதானத்தில் பறக்கவிடப்போகிறேன் என்று தெரு முழுக்கச் சொன்னான். எஞ்சினை மட்டும் இரண்டு நாள் ஓட்டினான். மூன்றாம் நாள் அலுத்துவிட்டது. அப்படியே டப்பாவில் போட்டு மச்சில் எறிந்துவிட்டு, படிப்பு முடிந்ததும் பம்பாய்க்கு வேலைக்குப் போய்விட்டான்.

அப்படியே போட்டதுதான் குற்றம். அந்த எஞ்சினுக்கு ப்ளக் கிடையாது, பாட்டரி கிடையாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து ஊற்றி, ப்ரொபெல்லரை விரலால் சுண்டினால் உள்ளே பிஸ்டன் அழுத்துகிற அழுத்தத்திலேயே தீப்பிடித்துக்கொள்ளும். அழுத்தத்தைக் கூட்டக் குறைக்கத் தலையில் ஒரு திருகு, வேகத்துக்குப் பக்கத்தில் ஊசி மாதிரி ஒரு திருகு. ஈதரும் மண்ணெண்ணெயும் போய்விடும். விளக்கெண்ணெய் எங்கே போகும்? உள்ளேயே காய்ந்து அரக்காக இறுகிவிடும். ஓட்டி முடித்ததும் ஐந்து நிமிஷம் செலவழித்துக் கழுவியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவன் கழுவவில்லை. நான் எடுத்தபோது ப்ரொபெல்லர் தண்டு இம்மிகூட அசையவில்லை.

அண்ணா எதையும் ஆரம்பிப்பான், துடைக்க மாட்டான். துடைப்பது என் வேலை. அவன் ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்தே அப்படித்தான். கணக்கில் சிவப்புக் கோடு விழுந்த ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டை அப்பாவிடம் காட்டப் பயந்து என்னிடம்தான் கொண்டுவருவான். அப்பாவின் கையெழுத்தை நான் போட்டுக் கொடுப்பேன். முதல் எழுத்துக்குப் பெரிய வளைவு, கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடியில் ஒரு கோடு. இரண்டு வருஷம் போட்டேன். ஒரு வாத்தியாரும் கண்டுபிடிக்கவில்லை. அவன் கெட்டுப்போனதில் எனக்கும் பங்குண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

எஞ்சினை எடுத்தது எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. ஒரு பொருள் இறுகிக் கிடப்பதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான். முதலில் மண்ணெண்ணெயில் நாலு நாள் ஊறப்போட்டேன். மேல் அழுக்குப் போனதே தவிர அரக்கு அசையவில்லை. பிறகு துணிக்குப் போடுகிற சோடாக் காரத்தைக் கரைத்து அதில் போட்டேன். பத்து நிமிஷத்தில் அலுமினியம் கருக்க ஆரம்பித்தது. பதறிப்போய் எடுத்துக் கிணற்றுத் தண்ணீரில் அலசினேன். அந்தக் கறுப்புத் திட்டு இன்றைக்கும் அதன் வயிற்றில் இருக்கிறது.

சூடு காட்டினால் அரக்கு இளகும் என்பது தபாலாபீஸில் முத்திரை வைப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நேராக நெருப்பில் வைக்கப் பயம். அம்மா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, இட்லிப் பானையில் தண்ணீர் வைத்து, தட்டில் ஒரு துணியைப் போட்டு எஞ்சினை வேகவைத்தேன். இருபது நிமிஷத்தில் இடுக்கு வழியாகப் பழுப்பு நிறத்தில் பாகு வடிந்தது. துணியால் பிடித்து ப்ரொபெல்லர் தண்டைத் திருப்பினேன். முனகிக்கொண்டு கால் சுற்றுத் திரும்பியது.

அம்மா குளித்துவிட்டு வந்து மூடியைத் திறந்தாள். "ஈஸ்வரா, இட்லிப் பானையில என்னத்தடீ வெச்சிருக்கே? இந்தப் பானை இனி மடிக்கு ஆகுமோ?" என்று கத்தினாள். பானை போனது போனதுதான். அதற்கப்புறம் அது எஞ்சின் பானை ஆயிற்று. புதுப் பானை வாங்கும்வரை இரண்டு வாரம் வீட்டில் தோசைதான்.

அரக்கைக் கரைக்க ஸ்பிரிட் சரியாக இருந்தது. விளக்கெண்ணெய் மண்ணெண்ணெயில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். இதை எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை, மூன்று கிண்ணத்தில் மூன்று திரவம் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பின் மூடியின் நாலு ஸ்குரூவைக் கழற்றினேன். சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பரைச் சுற்றிப் பிடித்து சிலிண்டரைத் திருகி எடுத்தேன். உள்ளே பிஸ்டன், அதைத் தண்டோடு சேர்க்கிற சின்னக் கை. தீக்குச்சியில் பாதி நீளம்தான் இருக்கும் அந்தக் கை. மேல் பக்கம் ஒரு ஓட்டை, கீழ்ப் பக்கம் ஒரு ஓட்டை. கனெக்டிங் ராட் என்று அதற்குப் பெயர் என்பது பின்னால்தான் தெரிந்தது. நான் அப்போது கை என்றுதான் வைத்திருந்தேன்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு மயிரிழைகூட இடம் கிடையாது. ஒரு துகள் மண் போனால் கீறிவிடும். அம்மா சமாதானமாகி ஒருநாள் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு வந்தாள். "குடு, நான் தேச்சுத் தரேன். குத்துவிளக்கு மாதிரி ஆயிடும்." நான் எஞ்சினை மடியில் மறைத்துக்கொண்டேன். சாம்பல் காற்றுகூட அதன்மேல் படக்கூடாது என்று, வெள்ளை வேட்டித் துண்டை விரித்து அதன்மேல்தான் பாகங்களை வைத்திருந்தேன். பின் மூடிக்கு அடியில் வைக்கிற காகிதம் பிய்ந்து போயிருந்தது. யாரோ ஒரு பெரியம்மா பேத்தியின் கல்யாணப் பத்திரிகை உறையை அளவாக வெட்டி, எண்ணெயில் தோய்த்து வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அந்தக் கல்யாணம் எனக்குச் செய்த ஒரே நன்மை அதுதான்.

நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்னால் எல்லாம் தயார். பல் டாக்டருக்கு என்று பொய் சொல்லி மருந்துக் கடையில் ஈதர் வாங்கினேன். ஒரு சாயங்காலம் எல்லோரும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். எஞ்சினை ஒரு பலகையில் முடுக்கி, கொல்லையில் துவைக்கிற கல்லோடு சேர்த்துக் கட்டினேன். சுண்டினேன், சுண்டினேன், விரல் கிழியும்வரை சுண்டினேன். அப்புறம் பிடித்துக்கொண்டது. பத்து விநாடி இருக்கும். கொல்லையில் இருந்த காக்கையெல்லாம் பறந்தன. நான் விரலில் ரத்தத்தோடு தனியாக நின்று சிரித்தேன்.

அப்பா வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா ஒலவக்கோட்டில் ரயில்வே ஆபீஸில் கிளார்க். எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாதவர் என்று பெயர் எடுத்தவர். வேட்டியை மடித்துக் கொடியில் போட்டுக்கொண்டே, "நான் பாக்கலையே" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் அப்பாவின் வார்த்தை ஏன் முக்கியம் என்றால், அலமாரியில் ஒரு ஃபாரம் இருந்தது. கோயம்புத்தூர் போகிற ரோட்டில் புதிதாக ஒரு தொழிற்சாலை வந்திருந்தது. மீட்டர், வால்வு போன்ற நுணுக்கமான சாமான்களைப் பொருத்தப் பெண்களையும் பயிற்சிக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஃபாரம் வாங்கி எல்லாக் கட்டத்தையும் நிரப்பி வைத்திருந்தேன். ஒரு கட்டம்தான் பாக்கி. தகப்பனார் ஒப்பு. இருபது வயதுக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். அடுத்த தை மாதம் எனக்கு இருபது. ஆக, இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

அப்பா முடியாது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "பாக்கலாம், பாக்கலாம்" என்று இரண்டு மாதம் கடத்தினார். அண்ணா லீவில் வந்து இறங்கிய அன்று, அவன் எதிரில் கொஞ்சம் வேடிக்கையாக ஒரு தீர்ப்புச் சொன்னார். "விஜயதசமி அன்னிக்கு என் கண்ணு முன்னாடி இதை ஓட்டிக் காமி. ஓடித்துன்னா கையெழுத்துப் போடறேன். பம்பாய்க்காரன் சாட்சி." விஜயதசமிக்கு மறுநாள்தான் ஃபாரம் கொடுக்கக் கடைசி நாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடுகிற எஞ்சினை ஓட்டிக் காட்டுவது ஒரு பந்தயமா?

எங்கள் பக்கத்தில் அஷ்டமி சாயங்காலம் பூஜை வைப்பார்கள். புத்தகம், பேனா, வீணை, கத்தரிக்கோல், கைத்தொழில் சாமான் எல்லாம் சரஸ்வதி முன்னால் போய்விடும். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை ஒருவரும் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, ஆயுதத்தைத் தொடக் கூடாது. அஷ்டமி மத்தியானம் நான் ஆத்துக்குத் தூரம் ஆனேன். மூன்று நாள் கொல்லைப்புறத்து அறை. பூஜை அறைப் பக்கம் நிழல்கூடப் படக்கூடாது. நாள் பார்த்து வந்ததே என்று என் உடம்பின்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

எஞ்சினை ஒரு எண்ணெய்த் துணியில் சுற்றி, காற்று போகிற துளையில் பஞ்சு அடைத்து, பிஸ்டனை மேலே ஏற்றிப் பக்கவாட்டு வாய்களை மூடி வைத்திருந்தேன். பூஜையில் வைக்க வேண்டாம் என்று கொல்லையிலிருந்தே கத்தினேன். அம்மா கேட்கவில்லை. "ஆயுதமாக்கும். வெக்காட்டா சரஸ்வதி கோவிச்சுப்பா." துணியைப் பிரித்துவிட்டதாக அவளே கொல்லைக்கு வந்து சொன்னாள். பஞ்சை எடுத்துவிட்டாள். சந்தனப் பொட்டு சமமாக வைக்க வேண்டும் என்று ப்ரொபெல்லரைப் படுக்கைவசமாகத் திருப்பினாள். உள்ளே பிஸ்டன் இறங்கி, பக்கவாட்டில் புகை போகிற வாய் திறந்துகொண்டது.

"ஏம்மா பிரிச்சே?" என்று கேட்டேன்.

"மூடிண்டிருந்தா அனுக்ரஹம் எப்படிடீ உள்ள போகும்?" என்றாள்.

என் ஃபாரத்தையும் அப்பா தன் பேனாவோடு கொண்டுபோய் எஞ்சினுக்கு அடியில் வைத்தார். நாலு மூலையிலும் குங்குமம் வைத்தாராம். அப்புறம் மூன்று வேளை பூஜை. ஒவ்வொரு வேளையும் எல்லோருமாக மஞ்சள் அட்சதையை அள்ளிப் போட்டார்கள். நான் கொல்லையில் உட்கார்ந்து மணிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விஜயதசமி காலை பூஜை எடுத்தாயிற்று. எனக்கு மூன்றாம் நாள். "நாளைக்குக் குளிச்சதும் நானே ஓட்டறேன்பா, ஒரே ஒரு நாள்" என்று கெஞ்சினேன். "நாள் இன்னிக்காக்கும். தொடங்கறது இன்னிக்குத்தான். அண்ணா பண்ணட்டும், நீ வேற அவன் வேறயா?" என்றார் அப்பா. அண்ணா அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை, இழவு வீட்டில் பிணம் என்பார்களே, அந்த ரகம். எங்கேயும் நடுவில் தான்தான் இருக்க வேண்டும்.

பலகையைத் துவைக்கிற கல்லோடு கட்டினான். நான் என் அறை வாசலில், பத்தடி தள்ளி. அதற்கு மேல் வரக்கூடாது.

"அண்ணா, முதல்ல உள்ளே பாரு. மெதுவா ஒரு சுத்து சுத்திப் பாரு."

"எனக்குத் தெரியாதாடீ? இது என் எஞ்சின்."

புகை வாய் வழியாக இரண்டு சொட்டு எண்ணெய்க் கலவை விட்டால் போதும், கிளம்பிவிடும். அவன் பாட்டிலைக் கவிழ்த்து மடமடவென்று விட்டான். "போதும், போதும்! கவுத்து வழிய விடு!" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுண்டினான். பாதியில் நின்றது. "இறுக்கறதே" என்றான். "இறுக்கினா விட்டுடு! மேல் திருகைத் தளர்த்து! அண்ணா, பலமாத் திருப்பாதே!" அப்பா எதிரில் தோற்க அவனுக்கு மனசில்லை. ப்ரொபெல்லரை முழுக் கையால் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினான். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். பத்தடி தள்ளி எனக்குக் கேட்டது.

அதற்கப்புறம் ப்ரொபெல்லர் லகுவாகச் சுற்றியது, எதையும் அழுத்தாமல். எத்தனை சுண்டியும் ஒன்றுமில்லை.

அப்பா உள்ளே திரும்பினார். "ஓடலை இல்லையா? சரி, வாங்கோ, காப்பி ஆறறது" என்றார். அப்படித்தான் சொன்னார். என் இரண்டு மாத வேலைக்கும், என் பிசிக்ஸ் மார்க்குக்கும், என் ஃபாரத்துக்கும் சேர்த்து, காப்பி ஆறுகிறது.

பூஜை எடுத்துவிட்டதால் எஞ்சினை இனி நான் தொடலாம். அண்ணா தூக்கி எறிந்தான், பிடித்துக்கொண்டேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து பிரித்தேன். அந்தச் சின்னக் கை வில்லாக வளைந்திருந்தது. பிஸ்டன் தலையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்தேன். நசுங்கின அரிசி. இரண்டு மணி மாவாகியிருந்தது, ஒன்று அவல் மாதிரி தட்டையாகி இருந்தது.

"அப்பா, பாருங்கோ. எஞ்சின் மேல தப்பில்லை, உள்ளே அட்சதை இருக்கு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அண்ணா முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "பாத்தேளா, பாத்தேளா, அட்சதையாக்கும்! எஞ்சின் அட்சதையைத் தின்னுடுத்து!" கதை அந்த நிமிஷத்தில் பிறந்தது. அப்பாவும் சிரித்துவிட்டார். "சரஸ்வதியோட இஷ்டம். நாம என்ன பண்ண முடியும்?" என்று சொல்லிவிட்டு, ஃபாரத்தை மடித்து மேஜை டிராயரில் வைத்தார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டில் பூசாரி தன் கஞ்சத்தனத்தைச் சாமி தலையிலேயே கட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் அப்பா ஆபீஸுக்குக் கிளம்பிய சைக்கிள் மணி கேட்டது. அண்ணா மத்தியான ரயிலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். நான் தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு வீட்டுக்குள் வந்தேன். நேராக மேஜைக்குப் போனேன். டிராயரைத் திறந்தேன். ஃபாரம் இருந்தது, நாலு மூலையிலும் குங்குமத்தோடு. அப்பாவின் பூஜைப் பேனா அதன்மேலேயே இருந்தது, மூடியில் சந்தனம் காய்ந்து போய். திறந்து எழுதிப் பார்த்தேன், மை வந்தது.

முதல் எழுத்துக்குப் பெரிய வளைவு. கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடியில் ஒரு கோடு. அண்ணாவுக்காக இரண்டு வருஷம் போட்ட பழக்கம். அவன் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். நான் பேனாவைக் கீழே வைக்காமல் அவனையே பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு மறுபடி மடிக்கப் போய்விட்டான். அவன் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. அதையும் பயத்தில்தான் செய்தான்.

பஸ் பிடித்துப் போனேன். தொழிற்சாலை வாசலில் ஃபாரம் வாங்குகிறவர் குங்குமத்தைப் பார்த்துச் சிரித்தார். "அச்சன்டெ ஒப்பாணோ?" என்று மலையாளத்தில் கேட்டார். அப்பாவின் கையெழுத்துத்தானா என்று. "அதே" என்றேன். ஆமாம் என்று.

அடுத்த மாதம், எங்கள் ஊர்த் தேர்த் திருவிழா நெருங்கும்போது வேலைக் கடிதம் வந்தது. அப்பா கையில்தான் தபால்காரர் கொடுத்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அடித்தாலும் அழக்கூடாது, கத்தினால் நானும் கத்த வேண்டும், நீங்கள் வாக்குத் தவறினீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அப்பா இரண்டு முறை படித்தார். என்னைப் பார்த்தார். அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமா, அப்பாவோடு ஒரே ஆபீஸில் இருந்தவர், உள்ளே வந்துவிட்டார். கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஓய், பொண்ணை ஃபாக்டரிக்கு அனுப்பறீரா? தைரியம்தான் ஓய் உமக்கு!"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "காலம் மாறறதோல்லியோ? நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்" என்றார்.

ஒரு அடி கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஒரு மாத ஒத்திகையும் வீணாயிற்று. தேர் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். அவர்களும், "உங்களை மாதிரி அப்பா கிடைக்கணுமே" என்றார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. எனக்காக நான் செய்த ஒரே திருட்டு அது. அதையும் என்னிடமிருந்து திருடிக்கொண்டார்.

வேலையில் சேர்ந்தேன். ஆறு மாதம் கழித்து, சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிய ஒரு துண்டு உலோகத்தில், சாப்பாட்டு இடைவேளைகளில் எஞ்சினுக்குப் புதுக் கை செய்தேன். வளைந்ததை நிமிர்த்திப் பார்த்தேன், ஒடிந்துவிட்டது. புதியதை அரத்தால் அராவி அராவி, மூன்று கெட்டுப்போய் நாலாவது பொருந்தியது. அப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்தக் கையை வளைக்க வேண்டுமானால் எவ்வளவு பலம் வேண்டும்? ஒரு அரிசி மணிக்கா அந்தப் பலம்?

சோதித்துப் பார்த்துவிட்டேன். பூஜை டப்பாவிலிருந்து மூன்று அட்சதை எடுத்து, நானே புகை வாய்க்குள் போட்டு, ப்ரொபெல்லரை மெதுவாகத் திருப்பினேன். நறுக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அரிசி மாவாகிவிட்டது, எஞ்சின் சுற்றியது, கைக்கு ஒன்றும் ஆகவில்லை. வளைத்தது அரிசி அல்ல. அண்ணா மடமடவென்று கவிழ்த்தானே, அந்த எண்ணெய். நீர்மம் எதுவும் அழுந்தாது, நெரித்தால் கல் மாதிரி நிற்கும். பிஸ்டனுக்கு மேல் அது நிறைந்து நின்றபோது, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினது அவன் கை. கவிழ்த்து வழியவிடு என்று நான் பத்தடி தள்ளி நின்று கத்தினது அதற்குத்தான்.

அம்மாவை நான் கிட்டத்தட்ட ஒரு வருஷம் வீணாகத் திட்டியிருக்கிறேன். அரிசி போட்ட பாவி என்று நினைத்து அவளும் அத்தனை நாளும் குன்றிப் போயிருந்தாள். அன்றைக்கே போய் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ நான் போட்ட அட்சதையால இல்லையா?" என்று மூன்று தடவை கேட்டாள். மன்னிப்பு நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அண்ணாவுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். "விடுடீ, பழங்கதை" என்று ஒரு வரி பதில் வந்தது. அடுத்த கல்யாணத்தில் மறுபடி அட்சதை.

அந்த வருஷ அஷ்டமிக்கு அம்மா எஞ்சினைக் கேட்டாள். கொடுக்க மாட்டேன் என்றேன். சரஸ்வதிக்குக் கோபம் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். விஜயதசமி காலையில் பலகையைத் துவைக்கிற கல்லோடு கட்டினேன். இரண்டு சொட்டு விட்டேன். மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். நாலாவது தடவை சுண்டியபோது பிடித்துக்கொண்டது. ஈதர் வாசனையும் சுட்ட விளக்கெண்ணெய் வாசனையுமாகக் கொல்லை நிறைந்தது. அம்மா கிணற்றடியில் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். பின்னாலேயே பக்கத்து வீட்டு மாமா. அப்பா இந்தத் தடவை கண்ணால் பார்த்தார். இப்போதாவது என்னிடம் ஏதாவது சொல்வார் என்று, அத்தனைக்கும் பிறகு, எதிர்பார்த்தேன். அவர் மாமா பக்கம் திரும்பினார். "பாத்தீரா ஓய்? அன்னிக்கு நான் மட்டும் கையெழுத்துப் போடலேன்னா..."

ஊசித் திருகைக் கால் சுற்று உள்ளே திருகினேன். எஞ்சின் அலறியது. அப்பாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. டாங்கியில் எண்ணெய் தீரும்வரை அவர் சொன்னது ஒன்றும் யாருக்கும் கேட்கவில்லை.